பழைய ஸ்டீல் ஃபிரேமில் 700சி ரிம்: எந்த காலிப்பர், எந்த லீவர்?

பத்து_ஸ்பீடு:

பழைய 10 ஸ்பீடு ஸ்டீல் ஃபிரேம் ஒன்றை முழுக்கக் கழற்றித் திரும்பக் கட்டுகிறேன். இருந்தவை 27 அங்குல ஸ்டீல் ரிம், ஒற்றை பிவட் (ஒரே சுழல் புள்ளி) சைடுபுல் பிரேக், கீழே வளைந்த டிராப் பார். போடப்போவது 700சி அலுமினிய ரிம், நேரான ஹேண்டில்பார். சக்கரம் இன்னும் கைக்கு வரவில்லை.

போல்ட் துளையின் நடுவிலிருந்து பழைய ரிம்மின் வெளி விளிம்புவரை ஸ்கேல் வைத்துப் பார்த்ததில் முன்னால் 49 மி.மீ., பின்னால் 57. 700சி ரிம் 4 மி.மீ. உள்ளே தள்ளிப்போகும் என்பதால் 53, 61 என்று போட்டுக்கொண்டேன். முன்னால் 47–57 ரீச் (போல்ட்டிலிருந்து பிரேக் கட்டை எட்டும் தூரம்), பின்னால் 55–73 ரீச் டூயல் பிவட் காலிப்பர், அதாவது ஒரே போல்ட்டில் தொங்கி இரண்டு சுழல் புள்ளியில் ரிம்மைக் கவ்வும் பிரேக், வாங்குவதாக எண்ணம்.

சந்தேகம் மூன்று. கணக்கு சரியா? எம்டிபி (மலை சைக்கிள்) ஒன்றில் இருந்து கழற்றிய வி-பிரேக் (ரிம்முக்கு இருபுறமும் தனித்தனிக் கை நிற்கும் பிரேக்) லீவர் ஜோடி சும்மா கிடக்கிறது, அதையே போடலாமா? ஃபோர்க்கிலும் பின் பாலத்திலும் (பின் சக்கரத்துக்கு மேலே ஃபிரேமில் உள்ள குறுக்குக் குழாய்) துளை நெடுக 6 மி.மீ.தான், இப்போது வரும் காலிப்பர்களின் துளைக்குள் புதைந்து உட்காரும் நீண்ட அலன் நட்டு அதில் நுழையாது. துளையைப் பெரிதாக்கத்தான் வேண்டுமா?

ஸ்போக்_சாவி:

4 மி.மீ. சரி. 27 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 630, 700சி-யில் 622. வித்தியாசத்தில் பாதிதான் ரீச்சில் வரும்.

தப்பு தொடக்கத்தில் இருக்கிறது. ரீச் என்பது ரிம்மின் விளிம்புவரை அல்ல, பிரேக் கட்டை உரசும் பட்டையின் நடுவரை. அது விளிம்புக்குக் கீழே 4–5 மி.மீ. இருக்கும். அதையும் கூட்டினால் முன்னால் 58, பின்னால் 66 பக்கம் வருகிறது. பின்னால் 55–73 போதும். முன்னால் 47–57 வாங்கியிருந்தால் கட்டையை ஸ்லாட்டின் அடிவரை இறக்கியும் மேல் விளிம்பு டயரை உரசும். பிரேக் பிடிக்கிறதா என்பதை விட இது பெரிய தலைவலி: பக்கச்சுவர் கொஞ்சம் கொஞ்சமாக அறுபட்டு, ஒரு நாள் டியூப் வெளியே பிதுங்கி வெடிக்கும்.

அந்தப் பட்டையின் உயரம் ரிம்முக்கு ரிம் மாறும். அதனால் கூட்டிக் கழிப்பதை விட்டுவிட்டு, சக்கரம் வந்ததும் அதையே மாட்டி அளங்கள். ஆக்சில் டிராப்அவுட்டின் (ஃபிரேமில் ஆக்சில் நுழையும் பிளவு) அடிவரை உட்கார்ந்திருக்க வேண்டும். பின் டிராப்அவுட் கிடைமட்டமாக இருந்தால் செயின் சரியாக இழுபடும் இடத்தில் சக்கரத்தை வைத்து இறுக்கிய பிறகு அளங்கள், ஏனென்றால் ஆக்சில் முன்னே பின்னே நகர்ந்தால் பாலத்துக்கும் ரிம்முக்கும் உள்ள தூரமும் மாறிவிடும்.

பிரேக்கைக் கடைசியில்தான் வாங்க வேண்டும். நிறையப் பேர் முதலில் வாங்கிவிட்டுத் திண்டாடுகிறார்கள்.

நீள_ஒயர்:

லீவர் விஷயம். வி-பிரேக் லீவரை காலிப்பருக்குப் போடாதீர்கள்.

லீவரும் பிரேக்கும் தனித்தனிச் சாமான் இல்லை, ஒரு ஜோடி. வி-பிரேக்கின் கை நீளமானது, 10 செ.மீ.க்கும் மேல். கட்டையை ரிம்முக்குக் கொண்டுவர அதற்கு நிறைய ஒயர் இழுக்க வேண்டும், ஆனால் விசை குறைவாக இருந்தாலே போதும், மீதியை நீளமான கை பார்த்துக்கொள்ளும். காலிப்பர், அதோடு கேன்டிலீவர், யு-பிரேக் என்ற வேறு இரண்டு ரிம் பிரேக் வகை, மூன்றும் நேர் எதிர்: கொஞ்சம் ஒயர், நிறைய விசை. வி-பிரேக் லீவர் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஒயரை இழுப்பதால், அதே கைப்பலத்துக்குக் காலிப்பரில் கிடைக்கும் அழுத்தம் ஏறக்குறைய பாதிதான்.

ஏமாற்றும் இடம் எது என்றால், கையில் பிடித்துப் பார்க்கும்போது அருமையாக இருக்கும். லேசாகத் தொட்டவுடன் கட்டை ரிம்மில் உட்காரும், லீவர் கல் மாதிரி இறுகி நிற்கும். "நல்லா டைட்டா இருக்கு" என்று தோன்றும். இறக்கத்தில் பிடித்தால் வண்டி நிற்காது.

கையில் இருக்கும் லீவர் எந்த வகை என்று தெரியவில்லையா? லீவரின் சுழல் ஊசியின் நடுவிலிருந்து ஒயரின் தலை உட்காரும் இடம்வரை அளந்து பாருங்கள். 30 மி.மீ.யும் அதற்கு மேலும் என்றால் வி-பிரேக்குக்கானது, 20–25 என்றால் காலிப்பர், கேன்டிலீவருக்கானது. சில லீவர்களில் ஒயர்த் தலை உட்காரும் துண்டை இரண்டு நிலையில் மாற்றி வைக்கலாம், வி என்றும் சி.ஆர். என்றும் குறி போட்டிருக்கும். உங்களுடையது அந்த ரகமாக இருந்தால் சி.ஆர். நிலைக்கு மாற்றிப் போடுங்கள், புதிதாக வாங்க வேண்டாம்.

மலை_இறக்கம்:

வி-பிரேக் லீவரோடு காலிப்பர் போட்டு எத்தனையோ வண்டி ஓடுகிறதே. இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா?

நீள_ஒயர்:

ஓடும். காய்ந்த ரோடு, சமதரை, மெதுவான வேகம், இந்த மூன்றும் சேர்ந்தால் எதுவும் ஓடும். ஈரம் பட்டு, பின்னால் மூட்டையும் இருந்தால் இரண்டு கையாலும் நசுக்க வேண்டிவரும்.

இன்னொன்று. ஒரே காலிப்பரில் கட்டை ஸ்லாட்டின் மேலே இருந்தால் பலம் அதிகம், கீழே போகப் போகக் குறையும். இங்கே பின் பிரேக்கில் கட்டை ஸ்லாட்டின் நடுவுக்கு இறங்கப்போகிறது. அந்த இழப்பின் மேல் தப்பான லீவரின் இழப்பையும் ஏற்ற வேண்டாம்.

தலைகீழ்ப் பொருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். காலிப்பர் லீவரில் வி-பிரேக்கை மாட்டினால் கட்டை ரிம்மை நன்றாகக் கவ்வுவதற்குள் லீவர் பாரைத் தொட்டுவிடும். அதைச் சரிக்கட்டக் கட்டையை ரிம்மோடு ஒட்டி வைத்தால், ரிம் கொஞ்சம் கோணினாலும் உரசிக்கொண்டே ஓடும். டிராப் பாரில் வி-பிரேக் வேண்டும் என்பவர்களுக்கு டெக்ட்ரோ நிறுவனத்தின் ஆர்எல்520 மாதிரித் தனி லீவரே உண்டு. அதன் ஜாடையிலேயே இருக்கும் ஆர்எல்340 காலிப்பருக்கானது. வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

நட்டு_போல்ட்டு:

மூன்றாவது கேள்விக்கு. துளையிடுவதற்கு முன் நட்டு வகைக் காலிப்பரைத் தேடுங்கள். டெக்ட்ரோ ஆர்559 (55–73), ஆர்539 (47–57) இரண்டும் அந்த வகையிலும் வந்தவை: நீளமான 6 மி.மீ. போல்ட், பின்பக்கம் சாதாரண நைலான் நட்டு. ஃபிரேமைத் தொடவே வேண்டாம்.

அலன் நட்டு வகைதான் கிடைத்தது என்றால் பழைய வழி ஒன்று இருக்கிறது. முன் காலிப்பரின் போல்ட் பின் காலிப்பரின் போல்ட்டை விட நீளம். அதனால் முன் காலிப்பரைப் பின் பாலத்தில் போட்டு நைலான் நட்டால் இறுக்கலாம். பாலம் உருண்டைக் குழாய் என்பதால் இருபுறமும் குழிந்த வாஷர் கட்டாயம், இல்லையென்றால் குழாய் நசுங்கும். பின் காலிப்பர் முன்னால் வரும். அதற்கு ஃபோர்க் முடியின் (ஃபோர்க்கின் இரு கால்களும் மேலே சேரும் இடம்) பின்பக்கச் சுவரை மட்டும் 8 மி.மீ. ஆக்கி, நீளமான அலன் நட்டு போட வேண்டும். முன்பக்கச் சுவர் 6 மி.மீ.யாகவே இருக்கட்டும். இரண்டையும் பெரிதாக்கிவிட்டால் காலிப்பர் ஆட ஆரம்பிக்கும், அதற்கு அப்புறம் வைத்தியம் இல்லை.

எந்த வகையானாலும் நட்டுக்குள் போல்ட் 6 சுற்றாவது ஏற வேண்டும். இரண்டு மரையில் தொங்கிக்கொண்டிருப்பதை "பிடிச்சிருக்கு" என்று விட்டுவிடாதீர்கள்.

கேரியர்_பெட்டி:

இடையில் ஒரு கேள்வி. 28 x 1½ கம்பி பிரேக் (ஒயருக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும் பிரேக்) சைக்கிளுக்கும் இப்படிக் காலிப்பர் போட முடியுமா?

ஸ்போக்_சாவி:

அந்த ரிம்மை வைத்துக்கொண்டு முடியாது. கம்பி பிரேக்கின் கட்டை ரிம்மின் உள்முகத்தில், ஸ்போக் பக்கம் மேல்நோக்கி அழுத்துகிறது. வெஸ்ட்வுட் எனப்படும் அந்த ரக ரிம்மின் பக்கவாட்டு உருண்டு இருக்கும், காலிப்பர் கட்டைக்குத் தட்டையான இடமே கிடைக்காது. பக்கம் தட்டையான ரிம்முக்கு மாற வேண்டும். 28 x 1½-இல் டயர் உட்காரும் விட்டம் 635, அதிலிருந்து 700சி-யின் 622-க்குப் போனால் ரீச் 6.5 மி.மீ. கூடும். ஃபோர்க் முடியில் போல்ட் துளை இருக்கிறதா என்பதை எல்லாவற்றுக்கும் முதலில் பாருங்கள்.

பத்து_ஸ்பீடு:

சக்கரம் வந்துவிட்டது. பட்டையின் நடுவரை அளந்ததில் முன்னால் 57.5, பின்னால் 65.5. அரை மி.மீ.தானே, 47–57 காலிப்பரின் ஸ்லாட்டைக் கொஞ்சம் ராவினால் முன்னால் அதையே போடலாமா? லீவர் இரண்டு நிலை வகை இல்லை, சுழல் ஊசியிலிருந்து 33 மி.மீ. வருகிறது. வேறு வாங்குகிறேன்.

நட்டு_போல்ட்டு:

ராவ வேண்டாம். ஸ்லாட்டின் அடிச்சுவர்தான் அந்தக் கைக்குப் பலம். முன்னாலும் 55–73 போடுங்கள். 57.5 என்பது அதில் ஏறக்குறைய மேல் முனை, பலம் அதிகமான இடம். முன் பிரேக்குக்கு அதுதானே வேண்டும்.

நீள_ஒயர்:

வாங்கும்போது கவனிக்க: நேர் பாருக்கான லீவரின் வளையம் 22.2 மி.மீ., டிராப் பாருடையது 23.8. ஒயரின் தலையும் வேறு, நேர் பார் லீவருக்கு உருளைத் தலை, டிராப் பாருக்குப் பேரிக்காய் மாதிரித் தலை. இரண்டு முனையிலும் ஒவ்வொரு தலை வைத்த ஒயர் வாங்கினால் வேண்டாததை வெட்டும்போது நிதானம், தப்பான பக்கத்தை வெட்டிவிட்டால் ஒயர் வீண்.

அவுட்டர் (ஒயர் ஓடும் வெளி உறை) 5 மி.மீ., உள்ளே சுருள் கம்பி இருக்கும் பிரேக் அவுட்டராகவே இருக்கட்டும். நீளவாக்கில் கம்பி ஓடும் கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போட்டால் ஓங்கிப் பிடிக்கும்போது பிளந்துகொள்ளும். வெட்டிய முனையை அரத்தால் சமமாக்கி, உள்ளே நசுங்கிய பிளாஸ்டிக்கை ஊசியால் திறந்துவிட்டு, தொப்பி போடுங்கள். பிரேக் மெத்தை மாதிரி அமுங்குகிறது என்பவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் சரிவர வெட்டாத இந்த முனைதான்.

ஸ்போக்_சாவி:

ஸ்டீல் ரிம்மில் தேய்ந்த கட்டையை அலுமினிய ரிம்முக்குக் கொண்டுவராதீர்கள். தோல் முகம் வைத்த கட்டையாக இருந்தால் நிச்சயம் வேண்டாம், அது ஸ்டீல் ரிம்முக்காக மட்டும் செய்தது. புதுக் கட்டையே போடுங்கள். கழற்றி மாற்றும் ரப்பர் என்றால் உறையின் மூடிய முனை முன்னோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஓங்கிப் பிடித்ததும் ரப்பர் உருவிக்கொண்டு போய்விடும்.

இறுக்கும் அளவு: காலிப்பர் நட்டு 8–10 நியூட்டன்-மீட்டர், ஒயர் பிடிக்கும் போல்ட் 6–8, கட்டை போல்ட் 5–7. கட்டைக்கும் ரிம்முக்கும் பக்கத்துக்கு 1.5–2 மி.மீ. இடைவெளி. முதலில் கட்டையை நேராகவே வையுங்கள், கீச்சென்று கத்தினால் மட்டும் பின்முனையை அரை மி.மீ. விலக்கினால் போதும்.

எல்லாம் இறுக்கிய பிறகு லீவரை முழுப் பலத்தோடு பத்துத் தடவை நசுக்குங்கள். ஒயர் கொஞ்சம் நழுவும், அவுட்டர் தொப்பிகள் உட்காரும், லீவர் தளர்ந்த மாதிரி ஆகும். ஒயரை மறுபடி இழுத்துக் கட்டிவிட்டு, கட்டையின் மேல் விளிம்பு டயரைத் தொடவில்லையா என்று லீவரைப் பிடித்தபடியே பாருங்கள். விட்ட நிலையில் பார்த்தால் தெரியாது, ஏனென்றால் கட்டை ரிம்மை நோக்கி வரும்போது ஒரு வளைவில் வருகிறது. டூயல் பிவட்டில் ஒரு பக்கக் கட்டை மேலேறும், மறு பக்கம் இறங்கும்.