ஏ.எல்லுக்கு நாடகமும் அரங்கியலும்: எடுக்க விடலாமா?

கொக்குவில் அம்மா:
மகள் ஓ.எல் (சாதாரண தரம்) முடித்துவிட்டாள். ஏ.எல்லில் (உயர்தரத்தில்) கலைப் பிரிவு. தமிழும் புவியியலும் முடிவாகிவிட்டன. மூன்றாவதாக நாடகமும் அரங்கியலும்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். சுலபமாக ஏ எடுக்கலாம் என்று சிநேகிதிகள் சொன்னார்களாம். இவர், மகளின் அப்பா, அளவையியல் (தர்க்கம்) எடுக்கட்டும் என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கர்:
அக்கா, சுலபம் என்பதற்காக எடுப்பதாக இருந்தால் வேண்டவே வேண்டாம். பல்கலைக்கழகத்துக்கு எடுப்பது இசட் ஸ்கோரை வைத்து. உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவால்) பிரிக்கிறார்கள். உதாரணத்துக்கு, சராசரி 65, விலகல் 10 உள்ள பாடத்தில் 75 எடுத்தால் 1.0. சராசரி 40, விலகல் 20 உள்ள பாடத்தில் 60 எடுத்தாலும் அதே 1.0 தான். எல்லாரும் அள்ளுகிற பாடத்தில் ஏ எடுத்து என்ன லாபம்? கலைப் பட்டதாரிகள் வேலை கேட்டு வீதியில் நிற்பதையும் பார்க்கிறோம்தானே.

மட்டக்களப்பு ரீச்சர்:
கணக்குச் சரி தம்பி. ஆனால் அதே கணக்குப்படி, விருப்பமில்லாத அளவையியலில் சராசரிக்குக் கீழே போனால் மூன்று பாடத்தையும் சேர்த்துத்தான் இழுக்கும். பிள்ளைக்கு எதில் பிடிப்பு என்பதும் அந்தக் கணக்கில் வரும்.

இதைப் பொழுதுபோக்குப் பாடம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில், விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, சனம் முன்னால் மட்டும் இருந்து பார்க்கும் படச்சட்ட மேடைக்குக் கொண்டு வந்தார். அங்கே மாணவராக ஆடிய மௌனகுரு பிறகு பேராசிரியரானார். யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். 1985இல் அவருடைய ‘மண் சுமந்த மேனியர்’ நாடகம் வந்தபோது சனம் தன் கதையையே மேடையில் பார்த்தது. நம்முடைய சொந்த வரலாறு இது. வேறு எந்தப் பாடத்தில் இதைப் பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள்?

வவுனியா பெடியன்:
ரீச்சர், நீங்கள் சொல்வது புத்தகத்தில் இருக்கிறது. வகுப்பில் இல்லை. நானும் இந்தப் பாடம் எடுத்தவன்தான். இரண்டு வருடத்தில் ஒரு நாடகம்கூடப் போடவில்லை. வடமோடி, தென்மோடி என்ற இரண்டு கூத்து வகைகளின் வேறுபாடுகளை நோட்ஸாகத் தந்தார்கள், பாடமாக்கினோம். மத்தளத்தைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. பாடத்தில் ஆசை வைத்துப் போன எனக்கு அது பெரிய கவலை.

மட்டக்களப்பு ரீச்சர்:
அது பாடத்தின் பிழை இல்லை தம்பி, படிப்பித்த முறையின் பிழை. கூத்து ஆடும் வட்டமான களமாகிய வட்டக்களரிக்கும் படச்சட்ட மேடைக்கும் என்ன வேறுபாடு என்று நான் நோட்ஸ் கொடுப்பதில்லை. மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் கீறுவேன். பிள்ளைகளைச் சுற்றிவர இருத்தி, ஒருவனை உள்ளே வந்து வசனம் பேசச் சொல்வேன். இரண்டு வரி பேசுவதற்குள், “எங்களுக்கு முதுகைக் காட்டுறாய்” என்று பின்னாலிருந்து சத்தம் வரும். அவன் திரும்புவான், இப்போது மற்றப் பக்கம் கத்தும். கூத்தர் ஏன் சுழன்று சுழன்று ஆடுகிறார், பின்னால் நிற்பவர்கள் திருப்பிப் பாடும் பிற்பாட்டு ஏன் வேண்டும் என்று அங்கேயே பிடிபடும். பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தால் சொந்தமாக எழுதுவார்கள்.

கணக்கர்:
ரீச்சர், உங்களிடம் படிக்கிற பிள்ளை என்றால் நானே எடு என்பேன். எத்தனை பாடசாலையில் அப்படி ஒருவர் இருக்கிறார்? பாடத்தைப் பார்த்து முடிவெடுக்க ஏலாது, ஆளைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

வவுனியா பெடியன்:
அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் “வேலை கிடைக்காது” என்பதை ஏற்க மாட்டேன் அண்ணை. அளவையியல் எடுத்தவருக்கு மட்டும் வேலை காத்துக்கொண்டா இருக்கிறது?

கொக்குவில் அம்மா:
சரி, திங்கட்கிழமை பாடசாலைக்குப் போகிறேன். போன வருடம் ஏ.எல் பிள்ளைகள் என்ன நாடகம் போட்டார்கள், எங்கே பழகினார்கள் என்று கேட்கப் போகிறேன். நோட்ஸ் மட்டும்தான் என்றால் இவர் சொல்வதுதான் நடக்கும்.

மட்டக்களப்பு ரீச்சர்:
மகளையும் கூட்டிக்கொண்டு போங்கோ அக்கா. கேள்வியை அவளே கேட்கட்டும்.