உபின் தீவு முகாம்: ஆஸ்துமா உள்ள பிள்ளையை அனுப்பியவர்கள் உதவுங்கள்

வணக்கம். என் மகள் உயர்நிலை 3 படிக்கிறாள். அடுத்த மாதம் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் 5 நாள் அவுட்வர்ட் பவுண்ட் (வெளிப்புறச் சாகசப் பயிற்சி) முகாம். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஆஸ்துமா. மழை நாளில் நடுராத்திரி எழுந்து உட்கார்ந்து, இருட்டில் தலையணைக்கு அடியில் கைவிட்டு இன்ஹேலரைத் தேடுவாள்.

முகாமே வேண்டாம் என்று சொல்பவள் இல்லை நான். உயர்நிலை 3 மாணவர் எல்லாருக்கும் என்று கல்வி அமைச்சு கொண்டுவந்தது நல்ல முடிவுதான். இஷ்டப்பட்டால் வரலாம் என்று விட்டிருந்தால், எங்களைப் போலப் பயப்படுகிற வீட்டுப் பிள்ளைகள் ஒருநாளும் போகமாட்டார்கள். வேறு பள்ளிப் பிள்ளைகளோடு ஒரே குழுவில் சேர்ந்து கூடாரம் அடிப்பதும் கயாக் படகு ஓட்டுவதும் டியூஷனில் கிடைக்குமா? ஆனால் உடம்புக்கு முடியாத பிள்ளைக்கும் அதே அட்டவணைதானா என்பதுதான் உறுத்துகிறது.

அனுப்பியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். இன்ஹேலரைப் பிள்ளையே வைத்துக்கொள்ள விடுகிறார்களா, பயிற்றுநர் வாங்கிக்கொள்வாரா? கயாக்கில் நனையாமலிருக்க எதில் போட்டுக் கொடுத்தீர்கள்? டாக்டர் கடிதம் அரசாங்கப் பாலிகிளினிக்கில் வாங்கினால் போதுமா, நிபுணரிடம்தான் வாங்க வேண்டுமா? இரவில் இழைப்பு வந்தால் தீவிலிருந்து எப்படிக் கூட்டிவருவார்கள் என்று தெரிந்தவர்கள் கட்டாயம் எழுதுங்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை.

அப்புறம், நாங்கள் சைவம். சாப்பாடு எப்படி இருந்தது?

அவளுக்குப் போக ரொம்ப ஆசை. உடல்நலப் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும், அதற்குள் பதில் கிடைத்தால் பெரிய உதவியாக இருக்கும்.