புதுப்பிப்பு: ஒரே பெட்டியில் பத்து விதமான ரீடுகள்

மூன்று வாரங்களுக்கு முன் கேட்டிருந்தேன்: 2.5 எண் கிளாரினெட் ரீடு (மவுத்பீஸில், அதாவது வாய் வைத்து ஊதும் முனையில், கட்டப்பட்டு அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய பட்டை) பெட்டியில் பத்துக்கு மூன்றுதான் நன்றாக ஒலிக்கின்றன; ஐந்து காற்றிரைச்சலோடு முரண்டு பிடிக்கின்றன, இரண்டு மேல்ஸ்தாயியில் துவண்டுவிடுகின்றன. ஊதும் முறையில் தவறா?

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. தவறு பெரும்பாலும் என்னிடம் இல்லை. பெட்டியின் மீதுள்ள எண் விறைப்பை மட்டுமே சொல்கிறது. ரீடு, அருண்டோ டோனாக்ஸ் என்னும் நாணல் வகையிலிருந்து சீவப்படுவது. ஒரே தண்டிலும் நார்களின் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறும். இயந்திரம் எவ்வளவு துல்லியமாக வெட்டினாலும் நாணல் நாணல்தான்.

என்னை வியக்க வைத்தது பக்கச் சோதனை. கிளாரினெட்டை வாயில் சற்றே திருப்பி ஊதினால் ரீடின் ஒரு பக்கம் மட்டும் தாராளமாக அதிரும், பிறகு மறுபக்கம். முரண்டு பிடித்த ஐந்தில் நான்கிற்கு வலப்பக்கம் அடைத்துக்கொண்டது. நுனியைத் தொடாமல், அந்தப் பக்கத்தை மட்டும் மிக மெல்லிய உப்புத்தாளால் இரண்டு முறை வருடினேன். மூன்று உயிர்பெற்றன! நான்காவதை அதிகமாகத் தேய்த்துக் கெடுத்துவிட்டேன். ஒவ்வொரு வருடலுக்கும் பிறகு ஊதிப் பாருங்கள். சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

துவண்டவற்றை மவுத்பீஸில் மயிரிழை அளவு மேலே ஏற்றிக் கட்டியதில் ஒன்று விறைப்பாகித் தேறியது. ஆக, இப்போது ஏழு. நாளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றி ஊதுகிறேன். மிச்சமிருக்கும் முரட்டு ரீடை எடுத்து வைத்திருக்கிறேன். காற்றின் ஈரப்பதம் மாறியதும் மீண்டும் ஊதிப் பார்ப்பேன்.