பரிணாமம் அறிவை நோக்கித்தான் போகிறதா?

அல்சூர்வாசி:
ஞாயிற்றுக்கிழமை மகளைப் பெங்களூரு லால்பாக் பூங்காவில் இருக்கும் பாறைக்குக் கூட்டிப்போனேன். அது சுமார் 300 கோடி ஆண்டு பழையது. "அப்போ இங்க யாருப்பா இருந்தாங்க?" என்று கேட்டாள். "கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்தான். அதிலிருந்து படிப்படியாக நாம் வந்தோம்" என்றேன். ஒற்றைச் செல், பல செல், நரம்பு, மூளை என்று எல்லாம் ஒரே பக்கமாக ஏறியிருக்கிறது. உயிர் அறிவை நோக்கித்தான் போகிறது என்று நம்புகிறேன். மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

பீன்யா மெக்கானிக்:
"படிப்படியாக" என்பதைத்தான் மறுக்கிறேன் சார். ஏறியவர்களை மட்டும் எண்ணுகிறீர்கள். அந்தக் கிருமிகளின் வாரிசுகள் இன்றும் உங்கள் குடலில்கூட இருக்கின்றன. புதைபடிவ ஆய்வாளர் ஸ்டீஃபன் ஜே கூல்ட் ஒரு உவமை சொன்னார். குடிகாரன் ஒருவன் தள்ளாடி நடக்கிறான். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் சாக்கடை. சுவரைத் தாண்ட முடியாது, அதனால் என்றாவது சாக்கடையில் விழுவான். அங்கே போக அவன் ஆசைப்படவில்லை. உயிர் தொடங்கியது அந்தச் சுவரோரம், அதாவது எளிமையின் எல்லையில். அதற்குக் கீழே இடமில்லாததால் சில மேலே நகர்ந்தன. இடம் இருந்தால் இறங்கவும் செய்யும். நாடாப்புழு குடலையே இழந்துவிட்டது. மெக்சிகோவின் குகை மீன் கண்ணை இழந்தது.

ஹெப்பால் மாணவி:
சரி அண்ணா, ஆனால் தள்ளாடும் பல பேர் ஒரே இடத்தில் போய் நின்றால்? பல செல் உடல் குறைந்தது 25 முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. நமக்கும் ஆக்டோபஸுக்கும் பொதுவான மூதாதை 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வாழ்ந்தது. ஆனாலும் லென்ஸ் வைத்த கண் இரண்டு பக்கமும் தனியாக வந்தது. ஆக்டோபஸுக்குச் சுமார் 50 கோடி நரம்புச் செல்கள், பாதிக்கு மேல் கைகளில். நியூ கலிடோனியக் காகம் குச்சியை வளைத்துக் கருவி செய்கிறது. அறிவு வந்தே தீரும் என்று புதைபடிவ ஆய்வாளர் சைமன் கான்வே மோரிஸ் வாதிடுவது இந்த மாதிரி ஒற்றுமைகளை வைத்துத்தான்.

பீன்யா மெக்கானிக்:
காகம், ஆக்டோபஸ், நாம் மூவருமே மைட்டோகாண்ட்ரியா, அதாவது சக்தி தயாரிக்கும் உறுப்பு, உள்ள செல்லால் ஆனவர்கள். ஒரு செல்லுக்குள் இன்னொன்று குடிபுகுந்து மைட்டோகாண்ட்ரியாவாக மாறிய அந்தக் கூட்டணி, தெரிந்தவரை ஒரே முறைதான் நிலைத்தது. அதற்கே 100 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆனது. விலங்கு, செடி, காளான் எல்லாம் அந்த ஒரு கதவுக்கு உள்ளே.

ஹெப்பால் மாணவி:
ஒரு முறைதான் நடந்தது என்பதால் அரிது என்று ஆகிவிடாது. பஸ்ஸில் முதலில் ஏறியவர் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டால், பின்னால் வந்தவர்களுக்கு ஏறத் தெரியாது என்று அர்த்தமா?

அல்சூர்வாசி:
இதைச் சோதித்துப் பார்க்க வழியே இல்லையா?

பீன்யா மெக்கானிக்:
ஓரளவு உண்டு. உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988இல் ஒரே ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவை 12 குடுவைகளில் வளர்க்கத் தொடங்கினார். சுமார் 31,500 தலைமுறைக்குப் பிறகு ஒரே ஒரு வரிசை, குடுவையில் இருந்த சிட்ரேட் என்ற உப்பை, காற்று இருக்கும்போதே தின்னப் பழகியது. சாதாரணமாக ஈ.கோலையால் அது முடியாது. 12இல் ஒன்று.

ஹெப்பால் மாணவி:
அதே 12லும் செல்கள் பெரிதாயின, 12ம் வேகமாகப் பெருகின. அதை ஏன் விட்டீர்கள்?

பீன்யா மெக்கானிக்:
விடவில்லை அம்மா. அது இருக்கிற கத்தியைச் சாணை பிடிப்பது. சிட்ரேட் புதுக் கத்தி. அறிவும் புதுக் கத்திதான் என்பது என் கட்சி.

அல்சூர்வாசி:
ஆக்டோபஸின் கண்ணை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் "ஒரே பக்கமாக" என்றது தவறு, ஒப்புக்கொள்கிறேன். அடுத்த ஞாயிறு பாறைமேல் உட்கார்ந்து, அந்தக் கிருமிகள் எங்கேயும் போய்விடவில்லை என்பதை மகளிடம் முதலில் சொல்கிறேன்.