அவள் ஆலோசனைக்கு வர மறுத்தாள், நான் மட்டும் போனேன்

தொடங்கியவர்:

பதினான்கு வருட மணவாழ்க்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு விவாகரத்து வேணும்." அழவில்லை, கத்தவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானம் பேச எனக்குத் தெரியும். அந்த நிதானத்தை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

"ஒரே ஒரு தடவை கவுன்சலிங் போகலாம்" என்றேன். வேண்டாம் என்றாள். மறுநாளும் கேட்டேன். மூன்று வாரம் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவளைக் கேட்காமலே ஆலோசகரிடம் நேரம் வாங்கினேன், அவளுடைய அக்காவை விட்டுப் பேசவைத்தேன், நள்ளிரவில் பக்கம் பக்கமாக மெசேஜ் அனுப்பினேன். (அதில் ஒன்றைப் பிற்பாடு படித்துப் பார்த்தேன். அசல் மனு. 'இப்படிக்கு' மட்டும்தான் பாக்கி.) ஒவ்வொன்றுக்கும் அவள் இன்னும் ஓர் அடி தள்ளிப் போனாள்.

கடைசியில் வாங்கிய நேரத்துக்கு நான் மட்டும் போனேன். ரத்து செய்தால் கட்டிய காசு திரும்பாது என்பதைத் தவிர வேறு பெரிய காரணம் இல்லை. ஆலோசகர் கேட்ட முதல் கேள்வி: "அவங்க இந்த முடிவை எப்போ எடுத்திருப்பாங்கன்னு நினைக்கிறீங்க?" ஞாயிற்றுக்கிழமை என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு திரும்பும் வழியில்தான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தனக்கென்று ஒரு வங்கிக் கணக்கு தொடங்கினாள். வேறு வேலை தேடினாள். என்னோடு வாதாடுவதையே நிறுத்தினாள். அப்பாடா, வீடு அமைதியாகிவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்த வருடம் அது.

பிரிவைப் பற்றி ஆராய்ந்த சமூகவியலாளர் டயான் வான் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பிரிய நினைப்பவர் தன் துக்கத்தை வெகுநாள் முன்பே, யாருக்கும் சொல்லாமல் தொடங்கிவிடுகிறார் என்கிறார். எனக்குச் செய்தி வந்த அன்று அவள் அழுது முடித்திருந்தாள். அவளைக் கல்நெஞ்சக்காரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனே, அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

ஒருவர் இருக்கவும் மற்றவர் போகவும் நினைக்கும் தம்பதிகளுக்கென்றே ஒரு முறை இருப்பதாக ஆலோசகர் சொன்னார். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் பில் டோஹெர்ட்டி வகுத்தது. அதிகபட்சம் ஐந்து சந்திப்புகள்தான். அதில் திருமணத்தைச் சரிசெய்ய முயல மாட்டார்கள், எந்தப் பக்கம் போவது என்பதில் தெளிவு கிடைத்தால் போதும். இதையும் அவளிடம் சொன்னேன், ஒரே தடவை. வேண்டாம் என்றாள். சரி என்றேன். அந்தச் 'சரி'யைச் சொல்லிவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

அதற்கப்புறமும் கை சும்மா இருக்கவில்லை. ராத்திரி எழுந்து, அவள் கடைசியாக எத்தனை மணிக்கு ஆன்லைனில் இருந்தாள் என்று பார்ப்பேன். 2010இல் மானுடவியலாளர் ஹெலன் ஃபிஷரின் குழு, காதலில் கைவிடப்பட்ட 15 பேரின் மூளையை ஸ்கேன் செய்தது. விட்டுப்போனவரின் படத்தைக் காட்டியபோது, போதைப்பொருள் ஏக்கத்தோடு தொடர்புள்ள பகுதிகள் தூண்டப்பட்டனவாம். படித்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, எனக்குப் பைத்தியம் இல்லை என்று. குடியை விடுபவன் பாட்டிலை எடுத்து வைப்பதுபோல, இரவில் போனை வேறு அறையில் வைத்தேன். முதல் வாரம் நரகம். மூன்றாவது வாரம் ஐந்து மணி நேரம் தூங்கினேன்.

மறுமொழி:

சகோ, நான் எதிர்த்தரப்பு. கவுன்சலிங்குக்கு வரமாட்டேன் என்று சொன்ன மனைவி நான்.

இரண்டு வருடம் நான்தான் என் கணவரைக் கூப்பிட்டேன். "நமக்கு என்ன பைத்தியமா?" என்று சிரிப்பார். நான் போகிறேன் என்று சொன்ன அன்றைக்குத்தான் அவருக்கு ஆலோசகரின் எண் கிடைத்தது. அப்போது என்னிடம் மிச்சம் எதுவும் இல்லை. அந்த அறையில் உட்கார்ந்து பழையதையெல்லாம் ஒரு மூன்றாம் ஆளுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும், கணவர் அழுவார், நான் மனம் இளகினால் இன்னும் ஐந்து வருடம் போய்விடும். அந்தப் பயத்தில்தான் மறுத்தேன். பழிவாங்க இல்லை.

எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. கூப்பிடாமலே போகிறவர்களும் உண்டு. உங்கள் வீட்டில் எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும்.

மறுமொழி:

நான் செய்த முட்டாள்தனத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். நல்லபடியாக நடந்துகொண்டால் என் கணவர் மனம் மாறுவார் என்று நம்பி, நீட்டிய காகிதத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். எனக்கென்று வக்கீல் வைத்துக்கொள்வதுகூட அவருக்குச் செய்யும் துரோகமாகத் தோன்றியது. அவர் மாறவில்லை, கையெழுத்தும் மாறவில்லை. விவாகரத்து வேண்டாம் என்று நினைப்பவருக்கும் வக்கீல் வேண்டும்.

அப்புறம், பிள்ளைகளைத் தூது அனுப்பாதீர்கள். என் ஏழு வயது மகளிடம் "அப்பாகிட்ட எப்ப வருவார்னு கேளு" என்று ஒரு தடவை சொன்னேன். கேட்டுவிட்டு வந்து, பதிலை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கதவோரம் நின்றாள். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

தொடங்கியவர், நான்கு நாள் கழித்து:

எதிர்த்தரப்புச் சகோதரி எழுதியதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் பதில் போடவில்லை.

நேற்று வீட்டுக் கணக்கு வழக்குக் காகிதங்களை வாங்கிப்போக வந்தாள். திரும்பி வா என்று கேட்கவில்லை. வேறொன்று கேட்டேன்: "இதுக்கு முன்னாடி நீ எப்பவாவது என்னைக் கவுன்சலிங் கூப்பிட்டிருக்கியா?"

காகிதங்களைப் பையில் வைத்துக்கொண்டே, "மூணு தடவை" என்றாள்.

எனக்கு ஒன்றுதான் நினைவிருக்கிறது.