பில்டு நடுவே டிஎல்எல் பூட்டிக்கொண்டால்: பிடித்திருப்பது யார்?

எம்எஸ்பில்ட் (டாட்நெட் ப்ராஜெக்ட்களை பில்டு செய்யும் கருவி) ஓடும்போது, 'கோப்பை நகலெடுக்க முடியவில்லை, மறுபடி முயல்கிறேன்' என்னும் எம்எஸ்பி3026 எச்சரிக்கை வரிசையாக வந்து, கடைசியில் எம்எஸ்பி3027 என்று பில்டு விழுந்தால் ரீட்ரை எண்ணிக்கையைக் கூட்டுவதில் பயனில்லை. கோப்பை நகலெடுக்கும் காப்பி டாஸ்க் இயல்பாகவே 1,000 மில்லிநொடி இடைவெளியில் 10 தடவை முயன்றுவிட்டுத்தான் கைவிடுகிறது. ஆன்டிவைரஸ் பிடித்திருந்தால் பெரும்பாலும் அதற்குள் விட்டிருக்கும். ஏதோ ஒரு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) அந்த டிஎல்எல்லை, அதாவது பில்டு உருவாக்கும் நூலகக் கோப்பை, லோடு செய்து வைத்திருக்கிறது, அதுவும் அநேகமாக முந்தைய பில்டு விட்டுப்போனது.

கமாண்ட் பிராம்ப்ட்டில் 'டாஸ்க்லிஸ்ட் /எம்' போட்டு, பக்கத்தில் டிஎல்எல் பெயரைக் கொடுங்கள். லோடு செய்திருக்கும் புராசஸ் பெயரும் பிஐடியும் (புராசஸ் எண்) பெரும்பாலும் வரும். பில்டு விழுந்தால் மட்டும் ஓடும் ஸ்டெப்பாக இதைப் பைப்லைனிலேயே சேர்த்துவிடுங்கள். காலையில் வந்து பார்க்கும்போது அந்தப் புராசஸ் போயிருக்கும், லாகில் பெயர் இருக்கும்.

* * *

பட்டியலில் எம்எஸ்பில்ட் பெயரே வந்தால் நோடு ரீயூஸ்தான் காரணம். பேரலல் பில்டில் கிளம்பும் துணை நோடுகள் வேலை முடிந்த பிறகும் 15 நிமிடம் வரை உயிரோடு இருக்கும். நீங்களே எழுதிய கஸ்டம் டாஸ்க் (பில்டின்போது ஓடும் உங்கள் சொந்தக் கோட்) அதே சொல்யூஷனில் இருந்தால், நோடு அந்த டிஎல்எல்லை விடாது. அடுத்த பில்டு அதன்மேல் எழுதப்போய் விழும். சிஐ மெஷினில் (பில்டைத் தானாக ஓட்டும் சர்வர்) 'நோடுரீயூஸ்' ஸ்விட்சை ஃபால்ஸ் ஆக்குங்கள். டெவலப்பர் மெஷினில் அப்படிச் செய்தால் வேகம் குறையும். அங்கே, டாஸ்க்கை அறிவிக்கும் யூசிங்டாஸ்க் வரியில் டாஸ்க்ஃபேக்டரியாக 'டாஸ்க்ஹோஸ்ட்ஃபேக்டரி' கொடுப்பதே சரி. டாஸ்க் தனிப் புராசஸில் ஓடி முடிந்துவிடும், பூட்டும் அதோடு போகும்.

* * *

பிழை எண்ணையும் பாருங்கள். லோடு ஆன டிஎல்எல்மேல் எழுதப்போனால் 32 (வேறு புராசஸ் பயன்படுத்துகிறது), அழிக்கப்போனால் 5 (அனுமதி மறுப்பு). இந்த 5ஐப் பார்த்துவிட்டு ஃபோல்டர் பர்மிஷனை மாற்றி மாற்றி நாள் முழுக்க வீணாக்குபவர்கள் அதிகம்.

அழிக்கத்தான் முடியாது, அதே டிரைவுக்குள் பெயர் மாற்ற விண்டோஸ் விடும். பழையதை '.ஓல்டு' என்று மாற்றிவிட்டு, புதியதை அந்தப் பெயரில் வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் புராசஸ் பழையதையே வைத்து ஓடும். '.ஓல்டு' கோப்புகளை அடுத்த பில்டின் தொடக்கத்தில் அழித்துக்கொள்ளலாம்.

* * *

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ப்ராஜெக்டில் விழுகிறதா? அப்படியானால் இரண்டு ப்ராஜெக்ட்கள் ஒரே அவுட்புட் ஃபோல்டரில் ஒரே கோப்பை எழுதுகின்றன. பைனரி லாக் (பில்டின் முழு விவரப் பதிவு) எடுத்து, அதைத் திறந்து காட்டும் ஸ்ட்ரக்சர்டு லாக் வியூவரில் 'டபுள்ரைட்ஸ்' பகுதியைப் பாருங்கள். இங்கே ரீட்ரை ஜெயித்தால்தான் ஆபத்து. பில்டு பச்சையாக முடியும், ஆனால் கடைசியாக எழுதியவரின் வெர்ஷன்தான் வெளியே போகும்.

* * *

லினக்ஸில் பூட்டே கிடையாது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஓடும் புராசஸின் '.எஸ்ஓ' (லினக்ஸில் டிஎல்எல் போன்றது) மேல் நகலெடுக்கும் 'சிபி' கட்டளையைப் போட்டால் அதே ஐநோடில், அதாவது டிஸ்கில் இருக்கும் அதே கோப்பின் மேலேயே, எழுதும். புராசஸ் செக்மென்டேஷன் ஃபால்ட் (தவறான மெமரி அணுகல்) போன்ற பிழையில் சாகலாம். அதே டைரக்டரியில் வேறு பெயரில் எழுதி, 'எம்வி' கட்டளையால் பழைய பெயருக்கு மாற்றுங்கள்.