குதிரைத் தடைதாண்டலில், முன்னும் பின்னும் கம்பு வைத்த அகல வேலியான ஆக்ஸரில் எங்கிருந்து ஸ்டெப் எண்ணுவது?

கடிவாளம்: நேற்று இங்கே ஒருவர் புதியவர்களுக்குப் பாடம் எடுத்திருந்தார். போட்டிக்கு முன் கோர்ஸை, அதாவது வேலிகள் வைத்த பாதையை, நடந்து தூரம் பார்க்கும்போது வேலியின் நடுவில் நின்று ஸ்டெப் எண்ண ஆரம்பிக்கணுமாம், அடுத்த வேலியின் நடுவில் முடிக்கணுமாம். யார் சொல்லிக் கொடுத்தது இதை? இறங்கும் பக்கத்துக் கம்பின் அடியில் குதிகாலை ஒட்டி நின்று தொடங்க வேண்டும், அடுத்த வேலியின் முன்கம்பில் முடிக்க வேண்டும். நம் ஒரு ஸ்டெப் மூன்றடி, குதிரையின் ஒரு ஸ்ட்ரைட், அதாவது ஒரு பாய்ச்சல், 12 அடி. இறங்க இரண்டு ஸ்டெப், எழும்ப இரண்டு ஸ்டெப் கழித்து, மீதியை நான்கால் வகுத்தால் ஆயிற்று. 24 ஸ்டெப் என்றால் ஐந்து ஸ்ட்ரைட்.

லாடம்: அந்த "ஒருவர்" நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். அகலமில்லாமல் நேராக நிற்கும் வெர்டிகல் வேலியில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது? ஒரு கம்புக் கனம்தானே. நடுவில் நின்றால் என்ன குடி முழுகிவிடும்?

கடிவாளம்: ஆக்ஸரைச் சொல்கிறேன், வெர்டிகலுக்கு ஏன் ஓடுகிறீர்கள்? ஒன்றரை மீட்டர் அகல ஆக்ஸரின் நடுவில் நின்றால் இரண்டரை அடி சேர்த்து எண்ணுவீர்கள். எண்ணும் தூரத்தின் இரண்டு முனையிலும் ஆக்ஸர் என்றால் ஐந்தடி. தூரம் அதிகம் என்று நினைத்துக் குதிரையைத் துரத்துவீர்கள், அது அடுத்த வேலியின் காலடியில் போய் மாட்டும். அப்புறம் குதிரை சரியில்லை என்று இங்கே வந்து புலம்புவீர்கள், போன மாதம் புலம்பியது போல.

புரவிப்பித்தன்: இரண்டு பேருமே 12 அடியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். போனிக்கும் 12 அடியா? ஈர மணலில், ஏற்றத்தில் ஸ்ட்ரைட் சுருங்கும், வாசலைப் பார்த்து ஓடும்போது நீளும். அதை யார் எண்ணுவது?

கடிவாளம்: ஸ்ட்ரைட் நீளத்தை யார் கேட்டார்கள்? எங்கிருந்து எண்ணுவது என்பதுதான் கேள்வி. சர்வதேச விதியிலேயே இருக்கிறது: காம்பினேஷனுக்குள், அதாவது நெருக்கமாக அடுத்தடுத்து வரும் வேலிகளுக்கு இடையே, தூரம் 7 முதல் 12 மீட்டர், அதை இறங்கும் பக்கத்து அடியிலிருந்து எழும்பும் பக்கத்து அடிவரை அளக்க வேண்டும். நடுவிலிருந்து என்று எந்த வரியில் இருக்கிறது, காட்டுங்கள்.

லாடம்: அது கோர்ஸ் அமைக்கிறவருக்கான விதி சார். வரேலாவும் போடோவும் 2024இல் வெர்சாயில் ஒலிம்பிக் கோர்ஸ் போட்டார்களே, அவர்களுக்கு. ஜெர்மனி வீரர் குக்குக் அங்கே தங்கம் வாங்கியது குதிகாலைக் கம்பில் ஒட்டியதாலா, கண்ணால் தூரம் பார்த்ததாலா?

கடிவாளம்: குக்குக்கோடு உங்களை ஒப்பிட்டுக்கொள்ளும் தைரியத்துக்கு ஒரு கும்பிடு. குதிரை தலையை மேலே தூக்காமல் பிடிக்கும் வாரான மார்ட்டிங்கேல் பற்றிய விவாதத்திலும் இதே கதைதான், தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் ஒரு சாம்பியனைக் கூட்டி வருவது.

லாடம்: மார்ட்டிங்கேலில் யார் தோற்றது? கடைசிப் பதிவு என்னுடையது. அதுபோகட்டும், உங்கள் மூன்றடி ஸ்டெப்பை என்றைக்காவது டேப் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? போட்டியில் நீங்கள் நடந்ததைப் பார்த்தவன் நான், அது இரண்டேகால் அடிகூட இருக்காது.

கடிவாளம்: என் ஸ்டெப் மூன்றடி. இரண்டேகால் அடி என்று கண்ணால் அளந்தீர்களோ? நடுவிலிருந்து எண்ணுகிற ஆளுக்கு அப்படித்தான் தெரியும்.

சின்னக்குளம்பு: அண்ணா, சனிக்கிழமை எனக்கு 90 சென்டிமீட்டர் உயர வேலி கிளாஸ். ஆக்ஸரிலிருந்து வெர்டிகலுக்கு 20 ஸ்டெப் வந்தால் நான்கு ஸ்ட்ரைட்டா, ஐந்தா?

கடிவாளம்: எங்கிருந்து எண்ணினீர்கள் தம்பி? பின்கம்பிலிருந்தா, இவர் பேச்சைக் கேட்டு நடுவிலிருந்தா? அதைச் சொல்லாமல் எப்படிப் பதில் சொல்வது?

லாடம்: 90 சென்டிமீட்டர் கிளாஸில் ஒன்றரை மீட்டர் ஆக்ஸர் எங்கே வருகிறது? சின்னப் பையனை ஏன் குழப்புகிறீர்கள்?

புரவிப்பித்தன்: தம்பி ஓட்டுவது போனியா, குதிரையா என்று ஒருத்தராவது கேட்டீர்களா?

கடிவாளம்: போனியாக இருந்தாலும் பின்கம்பு பின்கம்புதான். 90 சென்டிமீட்டரிலும் ஆக்ஸருக்கு அகலம் உண்டு, நடு உண்டு, அந்த நடுவில் யாரும் நிற்கக் கூடாது. லாடம், விதியில் வரி காட்டுகிறேன் என்றீர்களே, இன்னும் காணோம்.

லாடம்: நான் எப்போது சார் அப்படிச் சொன்னேன்? மேலே போய்ப் படியுங்கள்.